வளவுப் படமும் பக் ரிப்போர்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. பாதிப் பேர் செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளைப் படமெடுத்து, அளந்து, பட்டியல் போடுகிறவர்கள். மீதிப் பேர் அந்தப் பட்டியலுக்கான மென்பொருளை எழுதுகிறவர்கள். அவர்களில் சிலர் பெங்களூரில் இருக்கிறார்கள், ஒருவர் கோலாலம்பூரில். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டீ ஆறிப்போகும்வரை பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். என் சொந்த அபிப்பிராயம் நிறைய கலந்திருக்கும். குழுவில் எல்லோரும் இதையெல்லாம் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பழைய வீட்டைக் காப்பாற்றுவதற்கும் சாஃப்ட்வேர் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டிலும் ஆட்கள் ஒரே ஊரில் இல்லை. பெரும்பாலும் சம்பளமும் இல்லை. முகம் தெரியாதவர்கள் ஒரே காரியத்தில் கை வைக்கிறார்கள். அவர்களைக் கூட்டிச் சேர்க்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணைதான் இப்போது சோஷியல் மீடியாவாக இருக்கிறது.

1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் இணையத்தின் ஒரு செய்திக்குழுவில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன வசதி வேண்டும் என்று சொல்லுங்கள் என்று எழுதினார். லினக்ஸ் வெளியே தெரிய வந்தது அந்தப் பதிவிலிருந்துதான். பேஸ்புக் பிறக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ரங்கூனில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வைத்துக் கடை நடத்தினார்கள். முதலாளி தேவகோட்டையில் இருப்பார். கடிதமும் கணக்கும் கப்பலில் வரும். தூரத்தில் இருக்கிற டீமை நடத்துவது எப்படி என்று நாங்கள் மேனேஜ்மெண்ட் புத்தகம் தேடியதைக் கேட்டு எங்கள் ஐயா சிரித்தார்.

லைக் வாங்கி ஒரு வீட்டைக் காப்பாற்ற முடியுமா?

முடியாது. ஆயிரம் லைக் வந்தாலும் கூரையில் ஒரே ஒரு ஓடுகூட மாற்றிப்போட முடியாது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இதுதான். செட்டிநாட்டு வீடு முகப்பில் தொடங்கி, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்தெருவில் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமாகி வரும் ஒவ்வொரு மகனுக்கும் என்று பிரித்தவை. திண்ணையும் வளவும் எல்லோருக்கும் பொது. மூன்று தலைமுறை கழிந்தால் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் இருபது முப்பது பேர் ஆகிவிடுவார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் ஈப்போவில், ஒருவர் நியூஜெர்சியில். வீடு கல்யாணத்துக்கும் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கும், மற்ற நாளில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார். எல்லோரும் சேர்ந்து சம்மதிக்காமல் பொது இடத்தில் ஒரு தூணைக்கூட மாற்ற முடியாது. வீடு விழுவதற்குக் காசு இல்லாதது மட்டும் காரணமல்ல. பல இடங்களில் பேசாமல் இருந்ததுதான் பெரிய காரணம்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வளவின் மழைநீர் போகும் குழாய் அடைத்து, தண்ணீர் நின்று, சுவர் உப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்த மூன்று படங்களை ஊர் பார்க்கிற பக்கத்தில் போடவில்லை. அந்தக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடச் சொல்லி ஒரு அண்ணனிடம் கொடுத்தோம். அன்று ராத்திரியே, "இது எங்க பங்கு அறைக்குப் பக்கத்துலயா?" என்று மலேசியாவிலிருந்து கேள்வி வந்தது. அப்புறம் இரண்டு வாரம் சண்டைதான், யார் எவ்வளவு தருவது என்று. சண்டை முடிந்த பிறகு கொத்தனார் வந்தார். அந்தச் சண்டையைத்தான் நான் வெற்றி என்பேன். பத்து வருடமாகப் பேசாதவர்கள் பேசினார்களே.

இதற்கு நேர்மாறாகவும் செய்திருக்கிறோம். ஆரம்பத்தில் சோக இசை போட்டு, "அழிந்துவரும் அரண்மனை" என்று ஒரு ரீல் விட்டோம். நன்றாக ஓடியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டியிருப்பேன். அந்த வீட்டின் வளவை நாங்கள் இன்னும் அளக்கவில்லை.

யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று பார்வர்ட் வந்ததே?

இல்லை. தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதி என்ற பொருளில் செட்டிநாடு 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. உத்தேசப் பட்டியல் என்றால் வரிசையில் நிற்பது. கோவிலுக்குள் போய்விட்டதாக அர்த்தமில்லை.

சோஷியல் மீடியா பிரச்சாரம் உண்மையிலேயே பலன் தந்த உதாரணம் உண்டா?

உண்டு, நம் மாவட்டத்துக்கு வெளியே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோவிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. 2014இல் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் கோவில் கோவிலாகப் போய் எடுத்த சிலைப் படங்கள் இருந்தன. அவற்றையும் மியூசியம் போட்ட படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களில் எஸ். விஜய்குமார் முக்கியமானவர். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். திருடுபோன சிலைகளை மீட்க உழைக்கும் இந்தியா பிரைடு புராஜெக்ட் என்ற தன்னார்வக் குழு 2014இல் தொடங்கியபோது அவரும் அதில் ஒருவர். அதில் இருந்தவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், பேச்செல்லாம் இணையத்தில்தான்.

சிலை திரும்பி வந்ததற்கு ஹேஷ்டேக் உதவியது, சரி. ஆனால் அந்தப் பழைய கறுப்புவெள்ளைப் படம் இல்லாவிட்டால் ஹேஷ்டேக்கை வைத்து என்ன செய்திருப்பார்கள்? நாங்கள் கதவு நிலையின் செதுக்கலை நான்கு பக்கமும், அளவுகோல் வைத்து, அலுப்பூட்டும் விதமாகப் படமெடுப்பது இதற்காகத்தான். இன்ஸ்டாவில் அது ஒருபோதும் எடுபடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு தூணைப் பார்த்தேன். படம் எடுத்து "திருட்டு" என்று போடலாமா?

வேண்டாம். அங்கே இருக்கும் பர்மாத் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் பெரும்பாலும் வீட்டுக்காரர்களே பங்கு பிரித்து விற்றவை. விற்றவருக்கு மகள் கல்யாணம் இருந்திருக்கும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உண்மையில் சந்தேகம் இருந்தால் போலீஸுக்குப் போங்கள். கடைக்காரர்களில் சிலர் எங்களுக்கு நல்ல பழக்கம். எந்தச் செதுக்கல் எந்த ஊர் ஆசாரி கை என்று அவர்கள் சொல்வது வேறெங்கும் கிடைக்காது.

வீட்டுக்குள் எதையெல்லாம் படம் எடுக்கக் கூடாது?

சாமி அறை, படைப்புப் பேழை, இரும்புப் பெட்டி, பூட்டு, பின்வாசல், வாட்ச்மேன் முகம். படத்தோடு இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டு போகாமல் போனில் அதை நிறுத்திவிட்டுத்தான் பொதுவில் போடும் படத்தை எடுக்க வேண்டும். வருடத்தில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வரைபடத்தை உலகத்துக்குக் கொடுப்பது திருடனுக்குத் தாம்பூலம் வைப்பது மாதிரி. எங்கள் மென்பொருளில் ஊர்ப் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெருவும் கதவு எண்ணும் குழுவுக்குள் மட்டும்.

அதைவிட முக்கியம், முதலில் வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். வாட்ச்மேன் சரி என்றதை ஆச்சி சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தத் தளத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?

பங்காளிகளுக்கு வாட்ஸ்அப். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் பழைய படம் தேடுவதற்கும் பேஸ்புக். 1950களின் ஒரு கல்யாணப் படத்தைப் போட்டு, பின்னால் நிற்பது யார் என்று கேட்டால் மதியத்துக்குள் பதில் வந்துவிடும். இன்ஸ்டாவால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், அவ்வளவுதான். செய்முறையைக் காட்ட யூடியூப். ஆத்தங்குடிக் கல் போடுவதை ஐந்து நிமிடம் வெட்டாமல் காட்டினால் போதும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுப்பார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற தகவலும் உதிர்ந்துவிடும். பட்டியலுக்கு அனுப்பும் படத்தை "டாக்குமெண்ட்" ஆகத்தான் அனுப்ப வேண்டும். இதை நான் மாதம் இரண்டு முறை சொல்கிறேன்.

எங்கள் டீம் ஐந்து பேர்தான். சோஷியல் மீடியா எங்களுக்கு எதற்கு?

சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்கும், மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும், கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது பாதுகாப்புச் செய்தி. 2021 டிசம்பரில் பல மென்பொருள்களுக்குள் உதிரிப் பாகமாக இருக்கும் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோது, பல டீம்களுக்கு முதலில் தெரிந்தது ட்விட்டரில். மேலதிகாரியின் மெயில் அப்புறம்தான் வந்தது.

2024 மார்ச் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று நோண்டினார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்த ஆள். தனியாகப் பராமரித்துவந்தவரை, "சீக்கிரம் இன்னொருவருக்குப் பொறுப்பு கொடு" என்று முன்பின் தெரியாத பெயர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தன. பொதுவெளியில் வரும் நச்சரிப்பும் ஒரு ஆயுதம்தான் என்று எங்கள் பையன்களுக்கு அன்றுதான் உறைத்தது. அதிலிருந்து ஒரு விதி வைத்தோம். யாருக்கும் மென்பொருளை மாற்றும் சாவி கொடுப்பதென்றால் மூன்று பேர் உட்கார்ந்து பேசித்தான். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்த ஊரில் இதை வெளியே போய்க் கற்க வேண்டியிருந்தது வெட்கம்தான்.

பக் ரிப்போர்ட் (மென்பொருள் பிழைப் புகார்) வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வீர்கள்?

வரத்தான் செய்யும். "தம்பி, ஓப்பன் ஆகல" என்று வரும். எந்த போன், எந்தப் பக்கம், ஒன்றும் இருக்காது. மென்பொருள் எழுதுகிறவர்களின் தளமான கிட்ஹப்பில் இஷ்யூ, அதாவது எண் போட்ட புகார், போடுங்கள் என்று ஆச்சியிடம் சொல்ல முடியுமா? ஆகவே வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்கிறோம். குழுவில் வந்த எல்லாப் புலம்பலையும் அவர் கேட்டு, திருப்பிக் கூப்பிட்டுப் பேசி, இஷ்யூவாக எழுதுவார். தொடர் எண் கிடைத்த பிறகு சொன்னவருக்கு "உங்கள் புகார் எண் இது" என்று பதில் போகும். சாட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து ஏன் இப்படிச் செய்தோம் என்று யாருக்கும் தெரியாது. பேச்சு சாட்டில் நடக்கட்டும், முடிவு இஷ்யூவில் இருக்கட்டும்.

எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பக் ஒரு நான்கு நிமிட வாய்ஸ் நோட்டில் வந்தது. கோட்டையூர் ஆச்சி ஒருவர், "என்னப்பா, எங்க விலாசத்தைப் போட விட மாட்டேங்குது" என்றார். அட்ரஸ் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் குழுவில் இருந்த ஒரு பெரியவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். நகரத்தாருக்கு விலாசம் என்றால் குடும்பத்தின் தலைப்பெழுத்து. பாட்டனார், அவருக்கு முந்தியவர் என்று நான்கைந்து பெயர்களின் எழுத்துகள் புள்ளி புள்ளியாக நிற்கும். எங்கள் பெங்களூர்த் தம்பி இனிஷியல் கட்டத்துக்கு இரண்டு எழுத்துதான் அனுமதித்திருந்தார். மூன்று வருடமாக யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் சுருக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திடீரென்று வைரல் ஆகிவிட்டால்?

பயப்படுங்கள். அக்டோபர் மாதத்தில் திறமூல மென்பொருளுக்குப் பங்களித்தால் டி-ஷர்ட் தந்துவந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற இயக்கம் 2014 முதல் நடக்கிறது. 2020இல் ஒரு யூடியூப் வீடியோ அதற்குச் சுலப வழி காட்டப்போய், ஒரு வரியை மாற்றிப் பெயரைச் சேர்த்த குப்பைப் புல் ரிக்வெஸ்டுகள் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் வேண்டுகோள்கள்) குவிந்து, பராமரிப்பாளர்கள் திணறினார்கள். விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கானாடுகாத்தானில் ஒரு ரீல் ஓடினால் நடப்பதும் அதுதான். செருப்போடு திண்ணை ஏறுவார்கள், டிரோன் விடுவார்கள், "இந்த வீடு பப்ளிக்தானே" என்பார்கள். ரீல் போடும் முன்பே, பார்க்க அனுமதி உள்ள வீடு எது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அதே பதிவில் எழுதிவிடுங்கள். கூட்டம் வந்த பிறகு விதி எழுதுவது கஷ்டம்.

வருகிற தகவல் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு எண் என்றால் கொள்ளை ஆசை. சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்தது உண்மை. அதற்கு இத்தனை லட்சம் முட்டை என்று வரும் பதிவுக்கு யாரும் ரசீது காட்டியதில்லை. காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு என்று பேர் வைத்திருப்பது ஒரு மரியாதைக்கு. எண்ணிப் பார்க்கப் போனவர்கள் ஆளுக்கொரு கணக்கோடு திரும்பியிருக்கிறார்கள். தரையில் கிடப்பதெல்லாம் இத்தாலியிலிருந்து வந்தது என்பார்கள், பாதி ஆத்தங்குடியாக இருக்கும். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், சொன்னது யார், பார்த்தது யார் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அதைப் பதிவில் போடுவதில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

பங்காளிகள், ஆசாரிகள், கொத்தனார்கள் படிக்க வேண்டியது தமிழில். கோட் குறிப்புகள் ஆங்கிலத்தில், ஆனால் திரையில் தெரியும் சொற்கள் எல்லாம் தமிழில். "பட்டாலை" என்கிற கூடத்துக்கு ஆங்கிலம் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினோம், இனி அப்படியேதான் எழுதுவோம். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஆத்தங்குடி, ஆத்தாங்குடி என்று இரண்டாக எழுதினால் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

எடுத்த படங்கள் எல்லாம் பேஸ்புக்கில் இருக்கின்றனவே, தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?

ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அங்கே எத்தனை ஊர்க் குழுக்கள், எத்தனை தாத்தாக்களின் படங்கள்! திண்ணையில் உட்கார்ந்து பேசலாம், நகையை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாமா?

மூலப் படம் இரண்டு ஹார்ட் டிஸ்கில், வேறு வேறு வீட்டில். பட்டியலும் எழுத்தும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில். படத்தை மட்டும் அதில் போட்டுத் திணிக்காதீர்கள், பெருத்துவிடும். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டவை விக்கிமீடியா காமன்ஸில். அங்கே போட்டால் வியாபாரத்துக்கும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதை வீட்டுக்காரரிடம் முன்னாலேயே பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். தன் வளவு புடவை விளம்பரத்தில் வந்தால் அவருக்குக் கோபம் வரும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக்கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994இல் நூலகமாக்க வழிசெய்தது. அவர் சேர்த்த காலத்தில் கல்யாண நோட்டீஸை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டிருப்பார்கள். இன்று ஆய்வாளர்கள் தேடிப் போவது அதற்காகவும்தான்.

பணம் திரட்டலாமா?

திரட்டலாம். கணக்கை அன்றாடம் பொதுவில் போட முடிந்தால் மட்டும். பேரேடு எழுதிய ஊரில் கணக்கில்லாமல் காசு கேட்டால் இரண்டாம் தடவை கதவு திறக்காது. எங்கள் செலவுப் பட்டியலில் டீயும் இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை போஸ்ட் போடுவது?

சொல்ல ஏதாவது இருந்தால் ஒன்று.

நானும் சேரலாமா?

வாங்க. கோட் தெரிய வேண்டும் என்று இல்லை, செட்டியாராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் வேறு சமூகம், ஒருவர் ஆசாரி குடும்பம், அவர் பாட்டனார் செதுக்கிய நிலையை நாங்கள் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஒரு டேப், ஒரு டார்ச், பழைய துண்டு. கழற்றிப் போடச் சுலபமான செருப்பு. மதியச் சாப்பாடு வீட்டுக்காரர்களே போடுகிற நாளும் உண்டு, அன்றைக்கு வேலை பாதிதான் நடக்கும்.